ஏற்காட்டில் பெய்த மழை கிச்சிப்பாளையத்துக்கு வரும் முன்: வீடும் தெருவும் செய்ய வேண்டியவை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலுக்கு இத்தனை தள்ளி இருக்கும் சேலத்துக்குப் புயல் என்றால் குளிர்காற்றும் தூறலும்தான் என்று நினைத்திருந்தவர்கள் அதிகம். வலுவிழந்த பிறகும் அது உள்மாவட்டங்களின் மேல் மெதுவாக நகர்ந்தது. டிசம்பர் 1, 2 தேதிகளில் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விழும் மழை அங்கேயே தங்குவதில்லை. அதில் ஒரு பங்கு ஓடை ஓடையாக இறங்கி, திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, சேலம் நகரின் நடுவே போகிறது. நாராயண நகர், பச்சப்பட்டி, கிச்சிப்பாளையம் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் ஏறும்போது உள்ளூரில் மழை விட்டிருக்கவும் கூடும். ஆக, மழை ஒன்றுதான், அது கொண்டு வரும் சிக்கல்கள் இரண்டு. மலையில் சாலையும் கரண்டும் போகும். ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ‘அவசரகாலப் பை’ என்று பொதுவாகச் சொல்லப்படும் பட்டியல்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. டார்ச், பிஸ்கட், மெழுகுவத்தி வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் அங்கிருந்துதான் வருகிறது. எடுக்கும்போது டார்ச் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும்.

மலையில்: சாலை அடைபட்டால்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையும், குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றொன்று என்பது பொதுவான நம்பிக்கை. பெருமழை இரண்டு பாதைகளின் மேலும்தான் பெய்கிறது என்பதால், இரண்டும் ஒரே நாளில் அடைபடலாம் என்று வைத்துத்தான் மலைவீட்டின் இருப்பைக் கணக்கிட வேண்டும். நாகலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு மாதிரி டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்கு மூன்று நாள் இருப்பு போதாது. ஏழு நாள் வேண்டும். அரிசி, பருப்பைப் பற்றிக் கவலையில்லை, மலைவீடுகளில் அது எப்படியும் இருக்கும். முதலில் தீர்வது காஸும் மாத்திரையும் குழந்தைக்கான பால் பவுடரும்தான். ஐப்பசி பிறக்கும்போது இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்க வேண்டும். விறகு எரிப்பவர்கள் ஒரு வாரத்துக்கான காய்ந்த விறகைத் தாழ்வாரத்தில் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடுக்குவது நல்லது. சாரல் தாழ்வாரத்தை விடாது.

வடகிழக்குப் பருவமழை காப்பி அறுவடையோடு சேர்ந்தே வருகிறது. பழம் பறிக்கப் போகிறவர்கள் மழையில்தான் சரிவுகளில் நிற்கிறார்கள். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் காற்றில் ஒடிந்து மின்கம்பியில் விழுவதும் இதே மாதங்களில். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை. லைன் மறுபடி சார்ஜ் ஆகும் நேரத்தை அந்த இடத்தில் நிற்பவர் அறிய முடியாது. பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, இரு பக்கமும் ஆள் வைத்து வழிமறித்து, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மண்சரிவு பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் மேலே புதிதாக விரிசல் ஓடுகிறதா, மரமோ கம்பமோ நேற்றைவிடச் சாய்ந்திருக்கிறதா, கதவு திடீரென நிலையில் மாட்டுகிறதா, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா என்று பாருங்கள். மழை வலுத்திருக்கும்போது பக்கத்து ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது எல்லாவற்றையும் விட மோசமான அறிகுறி. மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை அடைத்திருக்கிறது என்று பொருள். உடைத்துக்கொண்டு வருவதற்கு முன் அந்த ஓடையோரத்தை விட்டு விலக வேண்டும்.

பின்புறத் தடுப்புச்சுவரில் தண்ணீர் கசிய விட்ட துளைகளைக் கவனிப்பவர்கள் குறைவு. பலத்த மழையில் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் வடிய வேண்டும். சுவர் முழுக்க ஈரமாகி, நடுவில் வயிறு தள்ளி, துளைகள் மட்டும் வறண்டிருந்தால் உள்ளே மண் அடைத்திருக்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரின் எடைதான் சுவரைத் தள்ளிச் சாய்க்கிறது. புரட்டாசியிலேயே ஒரு கம்பியை விட்டு ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்து, சுவருக்கு மேலே ஓடும் வாய்க்காலில் சேர்ந்த இலைச்சருகை அள்ளிவிட்டால் அரைநாள் வேலை. மழையிலேயே குத்தப் போகக் கூடாது, அப்போது அந்தச் சுவரடியில் யாரும் நிற்கவே கூடாது. அப்படிப்பட்ட இரவுகளில் மலைச்சரிவை ஒட்டிய அறையில் படுக்காமல் எதிர்ப்பக்க அறைக்கு மாறுங்கள். சரிவு இரவில் வந்தால் முதலில் நிரம்புவது அந்தப் பின்னறைதான்.

ஹோம் ஸ்டே, விடுதி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால், கரண்ட் பின்வழியாக லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைக் கொல்லும். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும் உயிருக்கு ஆபத்து. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போய்விடலாம். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் ஓட வேண்டும். கரி அடுப்பு முற்றத்தோடு நிற்க வேண்டும்.

ஊரில்: தண்ணீர் வரும் வழி

தாழ்வான தெருவில் எல்லோரும் வாசலைத்தான் அடைக்கிறார்கள். பல வீடுகளில் முதலில் தண்ணீர் வருவது பாத்ரூம் வழியாக. தெருச் சாக்கடை நிரம்பியதும் குழாயில் எதிர்த்து ஏறி, கழிப்பறைக் கோப்பையிலும் தரை ஜாலியிலும் பொங்கும். அது வெறும் மழைநீர் இல்லை, சாக்கடை நீர். பழைய துணியை நெருக்கமாகச் சுற்றி ஜாலித் துளையில் திணித்து, அதன் மேல் மணல் நிரப்பிய இரட்டைப் பாலிதீன் பையை வையுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் அதே மாதிரி ஒரு பை. தொல்லை நிரந்தரமாக இருந்தால், வெளியே போகும் குழாயில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு போடச் சொல்லிப் பிளம்பரிடம் கேளுங்கள்.

வாசலுக்கு மணல் மூட்டை. மூன்றரை அடி வாசலை ஒரு அடி உயரத்துக்கு மறிக்க 10, 12 மூட்டைகள் தேவைப்படும். சாக்கை முழுக்க நிரப்பினால் அது உருண்டையாகி, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே சந்து விழும். பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்பி, வாயை மடித்துக் கீழே போட்டு, செங்கல் கட்டுவது போல் மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். தண்ணீர் வரும் பக்கம் ஒரு பாலிதீன் தாளை மூட்டைகளுக்கு அடியில் செருகி மேலே மடித்து விட்டால் கசிவு பாதியாகக் குறையும். பாதி மூட்டை என்பதால் தூக்குகிறவரின் முதுகும் தப்பும்.

சேலத்தில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அம்மாப்பேட்டையில் விசைத்தறி, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தறியின் மோட்டார் காலடி உயரத்தில் இருக்கிறது, முதல் அரை அடித் தண்ணீரே அதைத் தொட்டுவிடும். எச்சரிக்கை வந்த அன்றே மெயினை அணைத்து, முடிந்தால் மோட்டாரைக் கழற்றி மேலே வையுங்கள். நனைந்த மோட்டாரை வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டுச் சுவிட்ச் போடுவது வழக்கமான தவறு. வெளிப்பக்கம் காய்ந்திருக்கும், சுருளுக்குள் ஈரம் நிற்கும். எலக்ட்ரீஷியன் மெகர் (சுருளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். கொலுசுப் பட்டறைகளில் ஆசிட் கேன்களைத் தரையிலிருந்து எடுத்து, மூடியை இறுக்கி, தலைக்கு மேல் போகாத உயரத்தில் அலமாரியில் கட்டி வையுங்கள். கேன் கவிழ்ந்தால் அந்தத் தண்ணீரில்தான் தெருக் குழந்தைகள் நடப்பார்கள்.

ஓடும் தண்ணீரை ஆழத்தை வைத்து மதிப்பிட வேண்டாம். வேகமாக ஓடினால் அரை அடித் தண்ணீரே பெரிய ஆளைச் சாய்க்கும். இரண்டடி கார்களை மிதக்க வைத்து இழுத்துப் போகும். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது, அதனால் முன்னால் ஒரு மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்குள் பிளக் பாயிண்டை எட்டும் அளவு தண்ணீர் ஏறும் முன்பே மெயினை அணைத்து விடுங்கள். தண்ணீரில் நின்றபடி மெயினைத் தொட வேண்டாம்.

தண்ணீர், கரண்ட், மருந்து: கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது இரண்டு 20 லிட்டர் கேனும் ஒரு குடமும். கழுவ, குளிக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் இருந்தால் சமாளிக்கலாம். சேலத்துக்குக் காவிரித் தண்ணீர் மேட்டூர்ப் பக்கமிருந்து மோட்டாரால் ஏற்றி வருகிறது என்பதால், அங்கே கரண்ட் நின்றால் இங்கே குழாய் நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீர் பஞ்சம் வருவதற்கு இதுதான் காரணம்.

கலங்கிய தண்ணீரை இரண்டு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிய விட்டு, பிறகு கொதிக்க வையுங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகக் கூடுதல் நேரம் பிடிப்பதும் அதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு போதும். குமிழ் புரண்டு கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் விட்டால் சரி.

வெள்ளம் புகுந்த சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன் அளவு. பவுடரை அப்படியே கொட்டாமல் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். பவுடரில் நெடி இல்லையென்றால் அதில் சத்தும் இல்லை. பிரித்த பாக்கெட்டைப் போன வருடத்திலிருந்து வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியத்தைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி புதிதாக இருந்தால் ஒரு ஃபேன், மூன்று எல்இடி பல்பு என்று 100 வாட் சுமையை ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். நான்கு வருடம் ஆகி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டதென்றால் பாதி நேரம்கூட நிற்காது. வீட்டில் நோயாளிக்காகக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறதென்றால் கணக்கே வேறு. 5 லிட்டர் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதே புது பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் தீரும். அந்த வீட்டில் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிரம்பி நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் அது 12 மணி நேரம் வரும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் செல்போனை இரண்டு முறை முழுக்க ஏற்றும் என்று நம்ப வேண்டாம், ஒன்றேகால் முறைதான்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு மாத்திரைகள் எப்போதும் 15 நாளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், மலையில் சாலை அடைபடும் மாதங்களில் தீரும் நாளுக்குக் காத்திராமல் முன்பே கேட்டுவிடுங்கள். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும் வகைகளே அதிகம். ஃபிரிட்ஜ் நின்றால் பதற்றப்பட்டு ஐஸ் கட்டி மேல் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீணானது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வைத்தால் போதும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் இல்லாதபோது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு நாள் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டுக்கு ஏறும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் சட்டம் வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெருவின் பட்டியல்

இவ்வளவையும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்து முடிக்காது. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு குழு என்பது சரியான அளவு. அதற்கு மேல் போனால் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துவிடும். குழுவின் முதல் சொத்து ஒரு காகிதம். தனியாக இருக்கும் பெரியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் (வாரத்தில் எந்தக் கிழமைகள் என்பதோடு), இன்சுலின் போடுகிறவர்கள், கைக்குழந்தைகள், பிரசவ தேதி நெருங்கியவர்கள் என்று எழுதி, சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து இரண்டு வீடுகளில் ஒட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், ஆனால் டவர் போனால் அது திறக்காது. மலையில் பிரசவ தேதிக்கு இரண்டு வாரமே இருக்கும்போது ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால், சாலை திறந்திருக்கும்போதே கீழே உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைப் பக்கமோ அழைத்து வந்துவிடுவதுதான் பாதுகாப்பு. இதைக் கிராம சுகாதார செவிலியரோடு பேசி முன்பே முடிவு செய்யலாம்.

குழுவுக்கு வேண்டிய பொருள்கள் அதிகம் இல்லை: இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, கைவாள், 20 மீட்டர் தடித்த நைலான் கயிறு, ஆறடி மூங்கில் கழி நான்கு, விசில், தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, தார்ப்பாய், ஐம்பது வெறும் சாக்கு. எண்களும் காகிதத்திலேயே: ஆம்புலன்ஸ் 108, பொது அவசரம் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, காஸ் கசிவு 1906.

மழையை அளப்பதை இதில் முக்கியமான வேலையாகச் சொல்ல வேண்டும், செலவே இல்லாதது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பாவைத் திறந்த வெளியில், மரம், சுவர் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. மூன்று நாளாக நனைந்த மண்ணில் விழும் 70 மி.மீ., காய்ந்த மண்ணில் விழுவதைவிடப் பல மடங்கு சேதம் செய்யும். இரவில் மழை கொட்டினால் மூன்று மணிக்கொரு முறை பார்த்து, மலைக் குழு கீழே நாராயண நகரில் இருக்கும் குழுவுக்கு ஒரு போன் செய்தால், மூட்டை அடுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். இந்த இணைப்பு எல்லாத் தெருக்களுக்கும் வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். கன்னங்குறிச்சி மூக்கனேரியை மீட்க மக்களே இறங்கி வேலை பார்த்த ஊர் இது. டப்பாவும் ஸ்கேலும் பெரிய காரியம் இல்லை.

உதவப் போகிறவரின் உடம்பு

முதல் நாள் தன்னார்வலர்களாக இருப்பவர்கள் மூன்றாம் நாள் நோயாளிகளாக வரிசையில் நிற்பதைத் தடுக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் களத்தில் நிற்கக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரம் தூங்காதவரின் கவனம் குடித்தவரின் கவனத்தைப் போலத்தான் இருக்கும், அவர் கையில் வாளையோ வண்டிச் சாவியையோ கொடுப்பது தவறு. சர்க்கரை உள்ளவர் வேலையின் வேகத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார், வேளைக்குச் சாப்பிட வைக்க ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் நனைந்த துணியோடு நிற்பவருக்கு நடுக்கம் நின்று பேச்சு குழறினால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை. உடல்சூடு ஆபத்தாகக் குறைகிறது. ஈரத்துணியைக் களைந்து, கம்பளி சுற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கியவர்களுக்கு எலிக் காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. காலில் சேற்றுப்புண்ணோ கீறலோ இருந்தால் தண்ணீரில் இறங்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, பட்டியல், போன் வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் பூட்ஸ் போடுங்கள். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர விடுங்கள். பிறகு நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் ‘வெள்ளத் தண்ணீரில் நின்றேன்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆனவர்கள் மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

மீட்பில் கண்டதை நினைத்துத் தூக்கம் வராமல், எரிச்சலோடு, வீட்டாரிடம் பேசாமல் இருப்பவர்களைக் குழுவில் இருப்பவர்களே முதலில் கவனிப்பார்கள். இரண்டு வாரம் ஆகியும் தணியவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசலாம்.

தண்ணீர் வடிந்த மறுநாள், சுவரில் சேறு காய்ந்து நிற்கும் கோட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அன்றைய மழை அளவையும் நோட்டிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் எழுதுங்கள். பிளக் பாயிண்டுகளையும் தறி மோட்டாரின் மேடையையும் அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே ஏற்றச் சொல்லிக் கேட்கும்போது, எலக்ட்ரீஷியனுக்கும் கொத்தனாருக்கும் காட்ட அந்தக் கோடு வேண்டும்.